முதலில் சோப்பு, பிறகு ஜெபம்

சித்தூரில் எங்கள் சபையார் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'சோப்புக்காரி'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, செருப்பைத் தேடுகிற சாக்கில் இரண்டு பேர் குனிந்துகொண்டு பேசுவது காதில் விழும். விழட்டும். அதைவிட மோசமான பெயரை வாங்கவும் தயாராக இருந்தவள் நான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் தொடங்கியது. நோயைப் பற்றி விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அதற்குக் கொடுத்த மரியாதை போதும். நான் சொல்ல வந்தது அவள் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குழாயைப் பற்றி.

ஆரம்ப மாதங்களில் கையிலும் காலிலும் குத்திக் குத்தி அவளுடைய நரம்புகளெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. ஊசியோடு நர்ஸ் வருவதைப் பார்த்தாலே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டும். அந்த நாலில் நானும் ஒருத்தி. பெற்ற பிள்ளையின் முழங்கையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா" என்று பொய் சொல்வதைவிடக் கேவலமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

அதனால்தான் அந்தக் குழாயை வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே தோலுக்கடியில் நுழைத்து, இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக் குழாய் வரை கொண்டுபோய் விடுவார்கள். வெளியே ஒரு சாண் நீளம் தொங்கும். முனையில் இரண்டு மூடிகள். மருந்து ஏற்றுவது, ரத்தம் எடுப்பது எல்லாம் அதன் வழியாகத்தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை 'லைன்' என்பார்கள். என் மகள் 'வாலு' என்று பெயர் வைத்தாள். "எல்லாருக்கும் பின்னாடி மொளைக்கும், எனக்கு முன்னாடி மொளைச்சிகீது" என்று வார்டில் இருந்த பிள்ளைகளிடம் சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். இனிமேல் உனக்கு ஊசியே கிடையாது என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்தக் குழாய் நேரே இதயத்துக்குப் போகிற வாசல். பிள்ளையின் ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் இப்போது இல்லாத மாதிரிதான். கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. குழாய் நுழையும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் நனையவோ கிளம்பவோ கூடாது. காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்காராமல் நேரே இங்கே வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கடைப்பிடிக்க நான் சரியான ஆள்தான். சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் மையத்தில் கவுண்டரில் உட்காரும் வேலை எனக்கு. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். ஆதார் அட்டை இல்லாமல் வந்து நின்ற ஒரு பெரிய மனிதரின் மச்சானைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'குதரது சார்' என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். முடியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அதே முகத்தோடு வீட்டு வாசலில் குழாயடியில் ஒரு சோப்பை வைத்தேன். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் ஒரே சட்டம்தான்.

அந்தச் சட்டத்தை உடைத்தது என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா. தம்பியின் சின்ன வயதிலேயே தாய் போய்விட்டதால், அவரைத் தூக்கி வளர்த்தது இந்த அக்காதான். மாங்காய்ப் பருவத்தில் சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் பேக்டரிகளில் பழம் தரம் பிரிக்கும் வேலைக்குப் போவார். மாம்பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும். காலையில் எங்கள் பழைய மிஷன் கோயில் ஆராதனை, சாயங்காலம் ஒரு ஜெப வீடு என்று இரண்டு இடத்துக்கும் போகிறவர். எங்கள் சபையில் நோயாளிக்கு ஜெபித்து எண்ணெய் பூசும் வழக்கம் இல்லை. ஜெப வீட்டில் உண்டு.

மகளுக்கு ஒரு சுற்று மருந்து நல்லபடியாக முடிந்தது. வீட்டில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தே ஆக வேண்டும் என்று நாத்தனார் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் சபையைக் கூப்பிட்டு நன்றி சொல்வது எங்களில் வழக்கம். வைக்காவிட்டால்தான் பேச்சு வரும். சரி என்றேன். வாசலில் சோப்போடு நானே நின்றேன். வந்தவர்கள் சிரித்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் கழுவினார்கள். பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரத்தில்தான் அது நடந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது நாத்தனார் என் மகளின் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, குழாய் நுழைகிற இடத்தில், ஸ்டிக்கரின் மேலேயே, உள்ளங்கை நிறைய எண்ணெயை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய வழியத் தடவினார்.

"அண்ணி! இன்னா பண்றீங்க?" என்று கத்திவிட்டேன். ஜெபம் நின்றுபோனது.

"இங்கதானே நோவு கீது? நோவு கீற எடத்துலதானே வெக்கணும்?" என்றார் அவர். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டிக்கரின் ஓரங்கள் வெற்றிலை மாதிரி சுருண்டு நின்றன. முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு ஓடினேன். நர்ஸம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய் பட்டால் எந்த ஒட்டும் நிற்காதே அம்மா என்றார். துடைத்துச் சுத்தம் செய்து புதிதாக ஒட்டி அனுப்பினார். மகள் ஓடி விளையாடினாள், சாப்பிட்டாள், நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

வாரத்துக்கு ஒருமுறை குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க மருந்து விட்டு அலசுவார்கள். அடுத்த வாரம் அதற்காகப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில், பாகாலாவில் வண்டி நின்றது. ஜன்னலோரம் வடை தின்றுகொண்டிருந்தவள் வடையைக் கீழே போட்டாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. உடம்பு தூக்கிப் போட்டது. உதடு நீலமாகிவிட்டது.

"குளிருதும்மா," என்றாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த அம்மாள் தன் சால்வையை எடுத்துப் போர்த்தினார். மலேரியாவாக இருக்கும் என்றார் ஒருவர். சித்தூர் இதோ பக்கத்தில்தான், இறங்கியதும் ஒரு கிளினிக்கில் காட்டிக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். போன் போட்டால் என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். "மொதல்ல சித்தூர்ல காட்டு. ஊசி போட்டு ஜுரம் எறங்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"இந்த ஜுரத்த எறக்கறதுக்கு சித்தூருக்குப் போவ மாட்டேன். நான் எறங்கறேன்," என்று சொல்லிவிட்டு, நகரத் தொடங்கிய வண்டியிலிருந்து பிள்ளையோடு குதிக்காத குறையாக இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற கார்க்காரர் திருப்பதி என்றதும் யோசித்தார். யோசிக்க நேரமில்லை என்று சொல்லிக் கதவை நானே திறந்து உட்கார்ந்துவிட்டேன். வழியெல்லாம் அவளுடைய நெஞ்சில் இருந்த அந்தக் குழாயை முறைத்துக்கொண்டே வந்தேன். ஊசியிலிருந்து காப்பாற்ற வந்தது, உள்ளே என்னத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னை நிற்க வைத்துக் கதை கேட்கவில்லை. லைன் வைத்த பிள்ளை, அலசின பிறகு நடுக்கம் என்ற இரண்டு வார்த்தைகள் போதுமாக இருந்தன. ரத்தப் பரிசோதனைக்குக் குழாயிலிருந்தும் எடுக்க வேண்டும், கையிலிருந்தும் எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கிருமி குழாயில் குடியிருக்கிறதா என்று தெரியுமாம். கையிலிருந்து எடுப்பதென்றால் ஊசி. மறுபடியும் நாலு பேர். மறுபடியும் நான் முழங்கையைப் பிடித்தேன்.

"ஊசி கெடையாதுன்னு சொன்னியே," என்றாள். அழக்கூடத் தெம்பில்லாமல் சொன்னாள். ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக்கை ஏற்றினார்கள்.

அவளைப் பார்த்துக்கொண்ட பெரிய டாக்டர் நெற்றியில் நாமம் போட்டவர், கொஞ்சம் வயதானவர். தெலுங்கில்தான் பேசுவார். மறுநாள் என்னை உட்கார வைத்து அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில்தான் கிருமி முதலில் வளர்ந்திருக்கிறது அம்மா. கிருமியின் வீடு குழாய்தான். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் பாசி பிடிக்கிறதல்லவா, அந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து ரத்தத்தில் ஓடினாலும் அந்தப் பாசிக்குள் எளிதில் நுழையாது."

"அப்ப குழாய எடுத்துடுவீங்களா?"

"சில கிருமிகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவோம். இது சாதாரணமாகத் தோலின் மேல் இருக்கிற வகை. ரத்த அழுத்தமும் நன்றாக இருக்கிறது. அதனால் முயற்சி செய்து பார்க்கலாம். வலுவான மருந்தைக் குழாய்க்குள் நிரப்பி, ஓட விடாமல் மணிக்கணக்காக உள்ளேயே பூட்டி வைப்போம். தினமும் அப்படிச் செய்து, ரத்தம் எடுத்துப் பார்ப்போம். கிருமி போகவில்லை என்றாலோ, பிள்ளை கொஞ்சம் சோர்ந்தாலோ, உடனே குழாயை உருவிவிடுவேன். அப்போது நீங்கள் என்னோடு சண்டை போடக்கூடாது. எனக்குக் குழாய் முக்கியமில்லை."

எங்கிருந்து வந்தது, அந்த எண்ணெயாலா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இங்கே எங்கள் கையிலிருந்துகூட வந்திருக்கலாம், யாராலும் சத்தியம் செய்து சொல்ல முடியாது என்றார். அந்த மனிதரின் நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் எனக்குச் சத்தியம் தேவைப்படவில்லை. எண்ணெய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் மதனப்பள்ளிப் பக்கம் தக்காளி மண்டி வைத்திருக்கிற பெரிய வீட்டுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அதற்கும் இதே தொல்லை, ஆனால் வேறு கிருமி. வந்த அன்றே அதன் குழாயை உருவிவிட்டார்கள். நரம்பு தேடி அந்தப் பிள்ளையின் கால் விரல் இடுக்கு வரை போனதை என் மகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குழாயின் மூடிகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"என் வாலையும் புடுங்கிடுவாங்களாம்மா?"

"நான் கீறவரைக்கும் அதுக்கு வுட மாட்டேன்," என்றேன். கிருமியிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது வாசல் காவல் ஒன்றுதான். எங்கள் அறைக்குக் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே கை கழுவும் தொட்டி. நாற்காலியை இழுத்து அந்த வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். துப்புரவு செய்ய வருகிறவர், சாப்பாடு கொண்டுவருகிறவர், எக்ஸ்ரே எடுக்க வருகிறவர், யாராக இருந்தாலும் 'கழுவிட்டீங்களா?' என்று கேட்ட பிறகுதான் வழி. சிலர் முறைத்தார்கள். நானும் முறைத்தேன்.

நாத்தனாரிடமிருந்து தினமும் போன் வரும். ஜெப வீட்டில் உபவாசம் இருக்கிறார்கள் என்பார். ஒரு நாள், "விசுவாசம் இல்லாத எடத்துல எண்ணெய் எப்டி வேலை செய்யும்? நீ கண்ணத் தொறந்துட்டியே, அன்னைக்கே எனக்குத் தெரியும்," என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்க எண்ணெய் நல்லாவே வேலை செஞ்சிடுச்சி அண்ணி. ஸ்டிக்கரக் கெளப்பிடுச்சி," என்று சொல்லிப் போனை வைத்தேன். சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

அப்படியும் அவர் வந்தார். தனியாக இல்லை, ஒரு வேன் நிறைய. எங்கள் போதகர், பெண்கள் சங்கத்தார், அவித்த முட்டை, பிஸ்கட், ஆரஞ்சு. எங்கள் பழைய சபையில் போதகரை அய்யர் என்றுதான் கூப்பிடுவோம். அய்யரும் நாத்தனாரும் மட்டும் மாடிக்கு வந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கதவை மறித்து நின்றேன்.

"ஸ்தோத்திரம் அய்யரே. மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க. எண்ணெய் வேணாம். தலையில மட்டும் கை வெச்சி ஜெபம் பண்ணுங்க."

அய்யர் நல்ல மனிதர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாத்தனாருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

"அய்யரையா கழுவச் சொல்ற? ஆண்டவரோட கைடீ அது!"

"யாரு கையா இருந்தாலும்தான். நீங்க பேக்டரிக்குள்ள போம்போது கையக் கழுவிட்டுத்தானே போறீங்க?"

"அது மாங்கா. இது என் தம்பி பொண்ணு."

நான் நகரவில்லை. அய்யர் தலையை ஆட்டிவிட்டு, "நான் இங்கிருந்தே ஜெபிக்கிறேன்மா," என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டிச் சுருக்கமாக ஜெபித்தார். கீழே காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாத்தனார் போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கை கழுவும் தொட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச ஆரம்பித்தபோது குரல் தாழ்ந்துவிட்டிருந்தது.

"எனக்கு அப்ப உன் பொண்ணு வயசுதான் இருக்கும். கார்வேட்டிநகரம் பக்கம், எங்க ஊர்ல. பெரிய வூட்டம்மாவுக்கு மாங்காக் கூடை எறக்கி வெச்சேன். என் கை அவங்க கையில பட்டுடுச்சி. என் கண்ணெதிர்லயே சொம்புத் தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவிக்கினாங்க. கழுவிட்டு நான் தூக்கிக்கினு போன மாங்காயத்தான் துன்னாங்க. அழுதுகினே வூட்டுக்குப் போனேன். எங்க நைனா என்னைக் கோயிலுக்கு இட்டுக்கினு போனாரு. அப்ப இருந்த அய்யரு என் தலைமேல கைய வெச்சாரு. வெச்ச கைய வேட்டியிலகூடத் தொடைக்கல. ஊரே தொடாதன்னு சொன்னப்ப, நம்மளத் தொட்ட கை அதுதான். நீ அந்தக் கையக் கழுவச் சொல்ற."

நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலும் இந்தக் கதைகள் உண்டு, ஆனால் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. கேட்கும்போது நெஞ்சு எரிந்தது. அந்தப் பெரிய வீட்டம்மாளை இன்றைக்குத் தேடிப் போய் நாலு கேட்கலாம் போலிருந்தது. ஏன் இந்த மனுஷி சட்டைப் பொத்தானை அவிழ்த்து அத்தனை எண்ணெயைத் தடவினார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொட்டால்தான் பிழைக்கும் என்று நம்பி வளர்ந்தவர். இவ்வளவும் விளங்கியது. ஆனாலும் கதவை விட்டு நான் அசையவில்லை.

"அண்ணி, நீங்க சொல்றது அத்தனையும் நெஜம். அந்தப் பொம்பளைய நான் மன்னிக்க மாட்டேன். ஆனா கழுவாம உள்ள வுட மாட்டேன். என்ன இன்னா வேணா நெனச்சிக்கோங்க."

"நெனச்சிக்கினேன்," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த ஏன் உள்ள வரல? என்னை யாருமே தொடக்கூடாதா?" என்று கண்ணாடி வழியே கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் கதவை மறித்து நின்றேன்.

அந்த நேரத்தில்தான் பெரிய டாக்டர் வந்தார். "கொஞ்சம் வழி விடம்மா," என்று நாத்தனாரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். சோப்பைக் குழைத்து, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவசரமில்லாமல் தேய்த்தார். நாத்தனார் ஒரு முழம் தூரத்தில் நின்று அந்த நாமத்தையும் அந்தக் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையை உலர்த்திக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவு திறந்தபடி இருந்தது.

"தொடர்ந்து எடுத்த ரத்தம் எதிலும் கிருமி வளரவில்லை. குழாய் சுத்தமாகிவிட்டது. இன்னும் சில நாள் மருந்து இருக்கிறது, ஆனால் குழாய் இருக்கட்டும்," என்றார். "உன் வாலை உனக்கே விட்டுவிட்டேன்," என்று மகளிடம் சொன்னார். அவளுடைய வயிற்றை அழுத்திப் பார்த்தார். குழாய் நுழையும் இடத்தை உற்றுப் பார்த்தார். அவள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்து மறுபடியும் கையைக் கழுவினார்.

அதைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் இறுகிப்போனது. நான் கவனித்தேன். டாக்டர் திரும்பி வந்து, பார்த்தாலே பெரிய வீட்டுப் பிள்ளை என்று தெரிகிற அந்தத் தக்காளி மண்டிக்காரர் வீட்டுக் குழந்தையைத் தொட்டார். முடித்துவிட்டு மறுபடியும் வெளியே போய், அதே தொட்டியில், அதே மாதிரி, அதே நேரம் எடுத்துக் கழுவினார். நாத்தனாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

நாத்தனார் சோப்பு நுரை இன்னும் வடியாமல் இருந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்மளத் தொட்டுட்டாங்களேன்னு கழுவுனவங்களப் பாத்துகீறேன்," என்றார் கடைசியில். "நம்மளத் தொடணும்னு கழுவுறவர இன்னைக்கிதான் பாக்கறேன்."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். வளையல்களை முழங்கைக்கு ஏற்றினார். மாம்பால் கறை ஏறிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கறை போகவில்லை. அது போகாது என்று நான் சொன்ன பிறகும் இன்னொரு தடவை தேய்த்தார். துடைக்காமல், ஈரக் கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்து கட்டிலருகே நின்றார். எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் காட்டினேன். முடியெல்லாம் கொட்டிப்போன அந்தச் சின்னத் தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். ஜெபிக்க வாயைத் திறந்தார்.

என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சில்லுனு கீது அத்த," என்றாள். "எடுக்காத."